தேய்ந்த எடைக்கல்

அந்த மாசி மாதம் கிழட்டு ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இளமை திரும்பிவிட்டது. முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு களத்தில் இறங்குகிறவன், போன வருஷமே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவன், வீட்டில் அதட்டிக் கூப்பிட்டாலும் மெதுவாகத் திரும்புகிற வயதுக்காரன், எல்லோரும் செண்பகவல்லியின் திரையில் பச்சை வாங்கினார்கள். பச்சை என்றால் எடு. மஞ்சள் என்றால் யோசி. சிவப்பு என்றால் விட்டுவிடு. பல நாட்களாக மதியத்துக்கு மேல் அவளுக்குச் சிவப்பே விழவில்லை. சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டால் அவளிடம் அது இருப்பதில்லை.

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அவளுக்கு அலுப்பாக இருக்கும். சென்னையில் பாடிப் பக்கம் குடிவந்த புதிதில் எதிர்வீட்டு மீனலோசனி விடாமல் கேட்டாள்.

"அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒரு ஆட்டம்ங்க. அங்க ஜனங்க நிஜ ஆட்டக்காரங்களைப் பொறுக்கி ஆளாளுக்கு ஒரு கற்பனை டீம் வச்சுப்பாங்க. நிஜத்துல அவன் நல்லா ஆடினா இவனுக்குப் பாயிண்ட்."

"இங்க போன்ல கிரிக்கெட் டீம் போடுறாங்களே, அதுவா? எங்க மாப்ள சாப்பாடு தண்ணி இல்லாம அதுலதான் கெடக்குறான்."

"அதே கதைதான். சீசனுக்கு முன்னாடி டிராஃப்ட்னு ஒண்ணு நடக்கும். யாரை எடுக்கிறதுன்னு அடிச்சுப்பாங்க. யாரை எடுக்கலாம், யாரை விடலாம்னு நாங்க சொல்லணும்."

"நீ அந்த ஆட்டம் ஆடியிருக்கியா?"

"பந்தைத் தொட்டதுகூட இல்லீங்க."

மீனலோசனி அதற்குமேல் கேட்கவில்லை. ஏதோ ஊரை ஏமாற்றுகிற தொழில் என்று முடிவு கட்டிவிட்டாள் போலிருக்கிறது. அதில் பெரிய தப்பும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், முன்பு சட்டை தைக்கிற கம்பெனி இருந்த ஒரு மாடியில்தான் அவர்களுடைய ஆபீஸ். மைதானத்தின் கடைசியில், சுவருக்கு முன்னால் நிற்கிற மூன்று பேருக்கு அவுட்ஃபீல்டர்கள் என்று பெயர். உயரத்தில் பறந்து வருகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவர்கள் வேலை. மட்டை பிடிக்கும் முறை வந்தால் அடிப்பதும் உண்டு. செண்பகவல்லியின் சம்பந்தம் அவர்களுடைய கால்களோடு மட்டும்தான். பந்து மட்டையில் பட்ட கணத்தில் எந்தக் கால், எந்தப் பக்கம், எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதை எடைபோட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு தணிகாசலம் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்தான் அந்த மாடிக்கு மேற்பார்வை.

"அடிச்ச கணக்கு ஊருக்கே தெரியும்மா. அதை வச்சு யாரும் ஜெயிக்க முடியாது. ஆனா ஒருத்தனுக்கு இறங்குமுகம்னா மொதல்ல கால்ல தெரியும். கால் இந்த வருஷம் மந்தமானா கை அடுத்த வருஷம் மந்தமாகும். அதை முன்கூட்டியே சொல்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

"அதை மெஷினே பார்க்காதா சார்? எத்தனை கேமரா இருக்கு?"

"கால் எப்ப எழுந்துச்சுன்னு கேமரா சொல்லிடும். அது சீக்கிரமா லேட்டான்னு எப்படிச் சொல்லும்? சில பந்து பார்த்ததுமே தெரியும். சில பந்து ஏமாத்தும். மெஷின் ஏமாறாது. ஏமாறாததுக்கு, அந்தப் பந்து எவ்வளவு ஏமாத்துச்சுன்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஏமாறுற ஒரு மனுஷ உடம்பு வேணும்."

அந்த மனுஷ உடம்பு அவளுடையது. இரண்டு கெண்டைக்காலிலும் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு தகட்டின் மேல் பாதங்களை வைத்து, முக்காலியில் உட்கார வேண்டும். அவுட்ஃபீல்டரின் கண் உயரத்திலிருந்து எடுத்த படம் முன்னால் ஓடும். தூரத்தில் ஒருவன் மட்டையைச் சுழற்றுவான். பந்து எங்கே போகிறது என்று புத்திக்கு எட்டுவதற்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். ஒரு வருஷம் முழுக்கப் பழக்கியதில் வந்தது அது. அவள் கால் இறுகிய கணத்தையும் ஆட்டக்காரன் கால் எழுந்த கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அவன் முந்திக்கொண்டால் பச்சை. அப்படி அந்த மாடியில் ஆறு பேர் இருந்தார்கள். கம்பெனி அவர்களுக்கு ஏதேதோ இங்கிலீஷ் பட்டம் வைத்திருந்தது. அவர்கள் தங்களை எடைக்கல் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எடைக்கல் என்றால் மாறக்கூடாது. மனுஷ உடம்போ தினம் ஒரு விதம். அதற்குத்தான் கழிவு என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

தணிகாசலத்தின் அப்பா கோயம்பேட்டில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். மூட்டையை நிறுத்துவிட்டுச் சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் இவர். காலையில் வந்ததும் ஆறு பேரையும் உட்காரவைத்து, எல்லோருக்கும் பழகிப்போன சில பழைய பந்துகளை ஓட்டிக் காட்டுவார். அன்றைக்கு யாருடைய கால் ஒரு நொடியின் நூறு பங்கில் எத்தனை பங்கு பிந்துகிறது என்று தெரிந்துவிடும். அதை அன்று முழுக்க அவர்கள் கணக்கிலிருந்து கழித்துவிடுவார். சிலர் அவர் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

"கொழந்தைக்குக் காய்ச்சல் சார், தூங்கவே இல்ல. ரெண்டு கழிச்சுக்குங்க."

"மாமியார் வந்திருக்காங்க சார். நாலு."

எல்லோரும் சிரிப்பார்கள். தணிகாசலமும் சிரித்துக்கொண்டே கழிப்பார். ஏன், எதனால் என்று ஒருநாளும் துருவமாட்டார். கால் மந்தமான ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் சிகாகோவில் இருக்கிற மேலிடத்தின் விதி. கழிவு போட்டபின் மேலே போகிற கணக்கில் ஆறு கல்லும் ஒரே எடையில் சுத்தமாக இருக்கும். அந்த ஆபீஸில் கருணை என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். செண்பகவல்லியும் அதன் நிழலில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

டிராஃப்ட் நெருங்கிய சமயத்தில் ஒருநாள் மதியம் தணிகாசலம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஷாஹிதாவும் உள்ளே இருந்தாள். அவளும் எடைக்கல்தான். செண்பகவல்லியைவிடப் பதினைந்து வயது இளையவள், வாய் ஓயாதவள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரும்மா" என்றார் தணிகாசலம். "மேலிடத்துலேர்ந்து கேக்கிறாங்க. உன் கை வழியாப் போன பெருசுங்க எல்லாம் பச்சையா வருது. நேத்து நீ பார்த்த அதே பந்தை இந்தப் பொண்ணை வச்சுப் பார்க்கச் சொன்னேன்."

"என்ன வந்துச்சு?"

ஷாஹிதா நிமிரவில்லை. "எல்லாம் சிவப்பு க்கா."

செண்பகவல்லிக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. "என் மெஷினைப் பார்க்கச் சொல்லுங்க சார். பட்டை லூசா இருக்கும்."

"பட்டையை மாத்தியாச்சு. முந்தாநாளே மாத்தினோம், நீ சாப்பிடப் போனப்ப." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "அவங்க வேகமாகலம்மா. நீ மெதுவாயிட்டே."

"தினமும் காலையில கழிக்கிறீங்களே, அது பத்தலையா?"

"காலையில பார்த்துக் கழிக்கிறது மதியத்துக்குக் காண மாட்டேங்குது. மதியத்துக்கு மேல உன் கால் இன்னும் பிந்துது. இடது கால் மட்டும். வலது காலுக்கு ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு நாளா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவள் மறுபடி கேட்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும்மா" என்றார். "ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டுதான். தூக்கம் பத்தலைன்னு நெனச்சேன். அப்புறம் நாலு, அஞ்சு. உங்க மாமனார் தவறின சமயம் அது, சரி மனசு சரியில்லன்னு விட்டேன். அப்புறம் பழகிடுச்சு. நீ வந்து உக்கார்றே, நான் கழிக்கிறேன்."

"ரெண்டு வருஷமா தினமும் என் கால் பிந்துறதைப் பார்த்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்?"

"சொன்னா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா உன்னை அனுப்பிடுவான்." அவர் குரல் இறங்கிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாய்வரை வந்தது. ஆனால் அவளுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. இடது கால் செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று போகிறது என்று போன வருஷம் செருப்புக்கடைக்காரனைத் திட்டியது அவள்தான். பின்பக்கம் வார் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கி, பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டதும் அவள்தான். அவளும் கழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். எழுந்து வெளியே வந்தாள்.

அவளுடைய கணவர் ஞானவேல் பஸ் டிப்போவில் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நரம்பு டாக்டர் ஒரு அம்மாள். காலில் ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, அரை நாள் பாடுபடுத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கும்ல, நரம்புக்கும் அந்த மாதிரி ஒண்ணு உண்டு. உங்களுக்கு அது தேஞ்சுட்டு வருது. உடம்பே அதைத் தின்னுது. மாசாமாசம் மருந்து ஏத்தினா இதோட நிறுத்திடலாம்."

"போனது திரும்ப வருமா?" என்று ஞானவேல் கேட்டார்.

"கஷ்டம். உறையோட நிக்காம உள்ள இருக்கிற நரம்பும் கொஞ்சம் போயிருக்கு. ஒண்ணரை, ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இந்தப் பேச்சே வந்திருக்காது." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை எந்த மெஷின் பார்க்கும்?"

 மெஷின் பார்த்தது, மனுஷரும் பார்த்தார், பார்த்துக் கழித்தார் என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? ஆட்டோவில் வரும்போது ஞானவேல் அவளுடைய இடது முழங்காலில் கை வைத்துக்கொண்டே வந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. தூங்க வேண்டும்போல இருந்தது.

தணிகாசலம் இந்தத் தடவை மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி மேலே எழுதிப் போட்டார். வேலை போகப்போகிறது என்று அவள் தயாராகத்தான் இருந்தாள். வேலையோடு இன்ஷூரன்ஸ் போகும். இன்ஷூரன்ஸ் போனால் அந்த மருந்தைக் கனவில்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் மேலிடம் கோபித்துக்கொள்ளவில்லை. டிராஃப்ட் முடியும்வரை தொடரட்டும், மதியத்துக்கென்று தனிக் கழிவு போடுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று பதில் வந்தது. கல் தேய்ந்தால் என்ன, எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்தால் போதும். உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் அவள் பார்த்த பந்துகளை எல்லாம் புதுக் கழிவோடு திரும்ப எடைபோட்டார்கள். கிழவர்கள் மறுபடி கிழவர்கள் ஆனார்கள். கணக்கு நேரானது. ஒரே ஒருவன் மட்டும் இடித்தான்.

அவன் பெயர் விங்கேட். வயது இருபத்துநான்கு. மூன்று அவுட்ஃபீல்டர்களில் நடுவில் நிற்கிறவன். போன சீசனில் அவனுக்கு மஞ்சள் போட்டு, பக்கத்தில் ‘சோம்பேறி’ என்று குறிப்பும் எழுதியிருந்தாள் அவள். தேய்ந்த கல்லிலேயே மஞ்சள் வாங்கினவன் அவன். நிஜ எடைக்கு வந்தபோது அந்த வயதில் யாருக்கும் விழாத சிவப்பு விழுந்தது.

அவனுடைய பந்துகளை அவள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் போகிற பந்துக்கு மான் மாதிரி பாய்கிறான். வலப்பக்கம் போவதற்குத்தான் பிந்துகிறான். வலப்பக்கம் ஓட இடது காலை ஊன்றித் தள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது கொஞ்சம்தான் பிந்துகிறது. முடிகிற சமயத்தில் நிறைய. குளிர் நாளில் இன்னும் அதிகம். ஏசியைக் கூட்டி வைத்தால் தனக்கு என்ன ஆகிறதோ அதுதான் அங்கேயும் நடக்கிறது. சோம்பேறி என்று எழுதிய கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தணிகாசலத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது வயசும் இல்ல, சோம்பலும் இல்ல சார். இவன் கால்ல ஏதோ இருக்கு. யாராவது அவன்கிட்ட சொல்லணும்."

"யாரு சொல்றது? ஆட்டக்காரங்களோட நாம பேசவே கூடாதும்மா. கையெழுத்துப் போட்டிருக்கோம். பேசினது தெரிஞ்சா அன்னிக்கே வெளியில. கேஸும் போடுவான்."

"அவன் கண்ணு எதிர்ல இருந்தா சொல்ல மாட்டீங்களா?"

"எதிர்ல இல்லையே. அவனுக்குன்னு டீம் இருக்கு, டாக்டர் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

அவள் படத்தை நிறுத்தி, தூரத்திலிருந்து எடுத்த இன்னொரு படத்தைப் போட்டாள். மூன்று அவுட்ஃபீல்டர்களும் நிற்கிற இடம் அதில் தெரிந்தது.

"இவன் எங்க நிக்கிறான் பாருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நேர் நடுவுல நின்னான். போன சீசன் ஆரம்பத்துல ரெண்டு எட்டு வலப்பக்கம் தள்ளி நிக்கிறான். சீசன் முடியறப்ப நாலு எட்டு. அந்தப் பக்கம் போற பந்துக்கு லேட்டாகுதுன்னு அவனை அங்கேயே கொண்டுபோய் நிறுத்திட்டாங்க."

தணிகாசலம் குனிந்து பார்த்தார்.

"அங்கயும் யாரோ நல்ல மனுஷன் இருக்கான் சார்" என்றாள் செண்பகவல்லி. "அவனும் கழிச்சுக்கிட்டு இருக்கான்."

தணிகாசலம் கையை நீட்டிப் படத்தை அணைத்தார். பிறகு, "உனக்கு மருந்து ஏத்தணும்மா. அதை மொதல்ல நெனச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் டீ குடிக்கப் படியிறங்கும்போது ஷாஹிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். டீக்கடை ஓரத்தில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும். நான் சொல்றதை எழுதிக் குடு."

"அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா? வேலை போனா உங்க மருந்துக்கு எங்க போவீங்க?"

"நான் அனுப்புறேன், என் பேர்ல அனுப்புறேன். நீ எழுதி மட்டும் குடு."

ஷாஹிதா டீயை ஆற்றினாள். "சரி. ஆனா எந்தக் கால்னு எழுதக்கூடாது. எந்தப் பக்கம் பிந்துதுன்னும் எழுதக்கூடாது. அதெல்லாம் கம்பெனி டேட்டா. அதை எழுதினாத்தான் கேஸ் நிக்கும். பொதுவா காலைக் காட்டிக்கோன்னா, யாரோ ரசிகை அக்கறையில சொல்றான்னு தப்பிச்சுக்கலாம்."

"என் காலைப் பத்தி எழுதலாமா?"

"உங்க காலும் கம்பெனி டேட்டாதான் க்கா. பட்டை கட்டினப்ப கையெழுத்துப் போட்டீங்கள்ல?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கூட வருகிற காலைப் பற்றி ஒருத்தரிடம் சொல்ல, சிகாகோவில் உட்கார்ந்திருக்கிற எவனிடமோ அனுமதி வாங்க வேண்டும். சிரித்த சிரிப்பில் டீ சேலையில் சிந்தியது.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான். ‘நான் சென்னையில் இருக்கிறேன். தினமும் உங்கள் ஆட்டத்தைப் பார்க்கிறவள். உங்கள் கால் ஒன்றில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். வயதாலோ பயிற்சிக் குறைவாலோ வந்தது என்று தோன்றவில்லை. எனக்கும் அப்படி ஒன்று வந்தது. எனக்குத் தெரியும்போது நேரம் கடந்துவிட்டது. தயவுசெய்து ஒரு நரம்பு டாக்டரைப் பாருங்கள்.’ கீழே அவள் பெயர்.

அனுப்புவது சுலபமாகத்தான் இருந்தது. போய்ச்சேருவதுதான் பெரும்பாடு என்பது பிறகுதான் புரிந்தது. விங்கேட்டின் இணையப் பக்கத்தில் அவனுக்கு வந்து குவிந்திருந்ததை அவள் படித்துப் பார்த்தாள். உன்னால் என் டீம் நாசமாய்ப் போனது. உன்னை எடுத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். உன் கால் உடைந்து போகட்டும். உனக்குக் கான்சர் வரட்டும். ஆயிரக்கணக்கில் இருந்தன. எழுதியவர்கள் எல்லாம் கற்பனை டீம் வைத்திருப்பவர்கள். அவளுடைய பச்சையையும் மஞ்சளையும் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் அதில் இருப்பார்கள். உன் காலில் கோளாறு என்று அவள் எழுதிய வரியும் அந்தக் குப்பையில் ஒன்றாய்ப் போய் விழுந்தது. அவன் அதைத் திறந்து பார்ப்பான் என்று எதை நம்பி எதிர்பார்ப்பது?

இருந்தாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் அதையே திரும்ப அனுப்பினாள். ரசிகர்களின் அன்புக்கு நன்றி என்று தானாகவே ஒரு பதில் வரும். அவ்வளவுதான்.

டிராஃப்ட் நடந்த அன்றைக்கு வழக்கம்போல ஆபீஸில் பிரியாணி வாங்கினார்கள். தணிகாசலம் எல்லோருக்கும் பொட்டலத்தை அவர் கையாலேயே கொடுத்தார். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருப்பதாகப் படித்துக் காட்டினார். விங்கேட்டை எடுக்க வேண்டாம் என்று நம் ஆட்கள் மட்டும்தான் முன்னாலேயே சொன்னோமாம். வேறு எங்கேயும் அந்தத் தகவல் இல்லையாம். வாடிக்கையாளர்களுக்குப் பரம சந்தோஷமாம். படித்து முடித்துவிட்டு அவர் செண்பகவல்லியின் பக்கம் பார்க்காமலேயே போய் உட்கார்ந்தார். அவள் முட்டையை மட்டும் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை ஷாஹிதாவிடம் தள்ளினாள்.

"தின்னுங்க க்கா. மூஞ்சியைப் பாருங்க, தொங்கிப் போச்சு."

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு ஷாஹிதா. அவன் ஒருத்தனுக்குத்தான் போய்ச் சேரலை."

சித்திரை பிறந்து, அங்கே சீசனும் தொடங்கிவிட்டது. அவளுடைய வேலை பற்றி மேலிடம் இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்லாதவரை இன்ஷூரன்ஸ் ஓடும் என்று ஞானவேல் கணக்குப் போட்டிருந்தார். விங்கேட் ஐந்து எட்டு வலப்பக்கம் தள்ளி நின்றான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதிய பந்துகள் வந்தன, பச்சையும் சிவப்பும் விழுந்தன. காலையில் மற்றவர்கள் தூக்கம் இல்லை சார், ரெண்டு கழிச்சுக்குங்க என்று சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. தணிகாசலம் இப்போதெல்லாம் கழிப்பதற்கு முன் ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தார். உடம்புக்கு என்னம்மா என்று கேட்டார். கேட்டதும் சிலர் பயந்துபோனார்கள்.

அவளுக்கு இரண்டாவது தடவை மருந்து ஏற்றியது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். நீளமான அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். வலது கையில் ஊசி, மேலே தொங்குகிற பாட்டில். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஞானவேல் கீழே கேன்டீனுக்குப் போயிருந்தார். மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

மீனலோசனியாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தாள். விங்கேட்டின் பெயர் இருந்தது. வழக்கமாக வருகிற நன்றி இல்லை. ஒரே ஒரு வரி.

‘இடது கால்தானே?’

 தான் அனுப்பியதை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். ஷாஹிதா சொன்னதுபோலவே, எந்தக் கால் என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியுமோ. சொன்னால் டீமை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவனும் வாயை மூடிக்கொண்டு, நகர்த்தி நிறுத்துகிற இடத்திலெல்லாம் போய் நின்றுகொண்டிருந்திருக்கிறான். அந்த வசவுக் குப்பையை எல்லாம் தினம் தினம் கிளறி இதைத் தேடி எடுத்திருக்கிறான். அத்தனை தூரத்தில், முகம் தெரியாத அந்தப் பையனை நினைத்து அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. தனக்காக வராத அழுகை.

"கையை ஆட்டாதீங்கம்மா, ஊசி வெளிய வந்துடும்" என்றாள் நர்ஸ். "வலிக்குதா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ‘ஆமாம், இடது கால். என்னுடையதும் அதுதான். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.’

தப்பில்லாமல் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.